‘கிக்’ தொழிலாளி யார்? போதையும் இல்லை, உதையும் இல்லை

“கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம்”, “கிக் தொழிலாளர்களுக்கு இ-ஸ்கூட்டர் மானியம்” என்று செய்தி வரும்போதெல்லாம் சேலம் டீக்கடைகளில் ஒரு சிரிப்பு எழும். நம் பேச்சில் கிக்கு என்றால் தலைக்கு ஏறுவது. கொஞ்சம் விட்டால் பைக்கை உதைத்துக் கிளப்புவது. இந்த இரண்டோடும் சம்பந்தமே இல்லாத, ஒரு தடவை செய்துவிட்டுப் போகும் வேலையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, அரசாணையிலும் பட்ஜெட்டிலும் பேசப்படுகிறது என்றால் குழப்பம் வரத்தான் செய்யும். அதைவிட முக்கியம், ஐந்து ரோட்டில் சாப்பாட்டுப் பையோடு சிக்னலில் நிற்கும் பையன், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர், ஏற்காட்டில் காப்பிப்பழம் பறிக்கும் அம்மா, இவர்களில் யாருக்கு இந்தப் பெயர் பொருந்தும் என்பது. பெயரைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது, சட்டத்தைப் பொறுத்துக் காசு மாறுகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

குழப்பம் எழுத்தில்தான் இருக்கிறது

ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். உதை, போதை என்ற பொருளில் வருவது ‘காப்பி’யில் வரும் க ஒலியோடு தொடங்கி அதே ஒலியில் முடியும். நாம் பேசப்போகும் சொல் ‘காந்தி’ என்னும்போது வரும் க ஒலியோடு தொடங்கி, அதே ஒலியில் முடியும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க. அதனால் இரண்டும் ‘கிக்’ ஆகிவிட்டன. சிலர் இதைத் தவிர்க்க ‘ஜிக்’ என்று எழுதிப் பார்க்கிறார்கள், அது இன்னும் மோசம், ஆங்கிலத்தில் அப்படி ஒலிக்கும் வேறொரு சொல் ஒருவகை ஆட்டத்தின் பெயர்.

அரசுத் தமிழில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘இணையம் சார்ந்த’ என்ற அடைமொழியைச் சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை. குறைந்தபட்சம் படிப்பவர் சாராயக்கடை பக்கம் போய்விட மாட்டார்.

அகராதியைத் திறந்தால் ஒரு பட்டாளமே இருக்கிறது

ஆங்கிலத்தில் ‘கிக்’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் பல சொற்கள் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் படிக்கும்போது எங்கே எது வருகிறது என்று தெரிந்தால் திணற வேண்டியதில்லை.

1. சுழலும் பொருள், பம்பரம். இதுதான் மிகப் பழையது. காற்றில் சுழலும் விளையாட்டுப் பொருளுக்கு ‘வர்லிகிக்’ என்று இன்றும் பெயர் இருக்கிறது.
2. ஒற்றைக் குதிரை பூட்டிய, இரண்டே சக்கரமுள்ள இலேசான வண்டி. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைகளில் டாக்டரும் பாதிரியாரும் இதில்தான் வருவார்கள்.
3. குறுகலான, வேகமான துடுப்புப் படகு. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் இந்தப் படகுப் போட்டி இப்போதும் நடக்கிறது.
4. மீனையும் தவளையையும் குத்திப் பிடிக்கும் ஈட்டி. அமெரிக்காவின் தென்பகுதியில் புழக்கம்.
5. அமெரிக்க ராணுவப் பேச்சில், சிறு ஒழுங்கீனத்துக்கு விழும் கரும்புள்ளி.
6. கணினிக்காரர்கள் ஜிகாபைட்டைச் சுருக்கிச் சொல்வது. இது கிரேக்க மொழியில் ராட்சதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, மற்றவற்றுக்கும் இதற்கும் உறவில்லை. நாம்தான் ‘ஒன்றரை ஜிபி தீர்ந்துபோச்சு’ என்று எழுத்தை எழுத்தாகச் சொல்லிவிடுகிறோமே, அதனால் இது இங்கே தொல்லை தருவதில்லை.
7. ஒரு நாள் கச்சேரி. அதிலிருந்து, ஒரு தடவை செய்துவிட்டுப் போகும் வேலை.

செய்தியில் வருவது இந்த ஏழாவது.

மேடைக்காரர்களின் சொல்

1920களில் ஜாஸ் இசைக்கலைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சொல் இது. ஒரு ராத்திரி ஒரு கிளப்பில் வாசிக்கக் கூப்பிடுவார்கள், போவார்கள், வாசிப்பார்கள், பணம் வாங்கிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அந்த ஓர் இரவு ஒப்பந்தம்தான் கிக். வேர் எது என்று ஆங்கில அகராதிக்காரர்களே முடிவுகட்டவில்லை. பம்பரத்திலிருந்து வந்தது, குதிரை வண்டியிலிருந்து வந்தது என்றெல்லாம் சொல்வார்கள், மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து உண்டானது என்றுகூட ஒரு விளக்கம் சுற்றுகிறது. இப்படி முதலெழுத்து விளக்கங்கள் வந்தாலே சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து யாரோ ஜோடித்தவை.

இந்தச் சொல்லின் வாசம் நமக்குப் புரிய வேறெங்கும் போக வேண்டாம். ஆடி மாதம் சேலத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் மற்ற மாரியம்மன் கோவில் திருவிழாக்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மெல்லிசைக் குழு, டிரம் செட், நாதஸ்வரம் தவில் என்று யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. ஒரு கீபோர்டு வாசிப்பவர் இன்று ஒரு குழுவில், நாளை வேறு குழுவில், மறுநாள் ஓமலூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் உட்காருவார். அவரிடம் போய் “எங்கே வேலை செய்றீங்க?” என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. “நாளைக்கு ப்ரோகிராம் இருக்குங்களா?” என்று கேட்டால் உடனே வரும். தேதி கொடுத்தாச்சா, அச்சாரம் வாங்கியாச்சா, இவ்வளவுதான் அந்த உறவு. மேளம் கட்டியவுடன் கணக்கு முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கலைஞர் வாயில் இந்தச் சொல்லுக்கு ஒரு மிடுக்கு உண்டு. நான் யாருக்கும் கைகட்டி நிற்பவனில்லை, பிடித்தால் தேதி கொடுப்பேன், பிடிக்காவிட்டால் மாட்டேன், என் ரேட்டை நான் சொல்வேன். நல்ல தவில்காரர் அட்வான்ஸ் பேசும்போது பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்த மிடுக்கு பின்னால் என்ன ஆனது என்பதுதான் விஷயமே.

1950கள் வாக்கில் இசைக்கு வெளியிலும் இதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நிரந்தர வேலையை மதிக்காத அமெரிக்க இளைஞர்கள், வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்ச நாள் பார்க்கும் எந்த வேலையையும் கிக் என்றார்கள். பிரிட்டனில் இதன் முதல் பொருள் இன்னும் இசைதான், அங்கே ஒருவர் “இன்று ஒரு கிக்குக்குப் போகிறேன்” என்றால் பாட்டுக் கச்சேரி கேட்கப் போகிறார் என்று அர்த்தம். வாசிப்பவருக்கும் கிக், கேட்பவருக்கும் கிக்.

2009: கச்சேரிக்குப் பின்னால் ‘பொருளாதாரம்’ ஒட்டிக்கொண்டது

2008ல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து கூட்டங்கூட்டமாக வேலை போனது. 2009 ஜனவரியில் டீனா பிரவுன் என்ற பத்திரிகையாசிரியர், தன்னைச் சுற்றி இருக்கும் படித்தவர்கள் யாருக்கும் இப்போது ‘வேலை’ இல்லை, ஆளுக்கு மூன்று நான்கு துண்டு வேலைகள்தான் இருக்கின்றன என்று எழுதினார். ‘கிக் பொருளாதாரம்’ என்ற தொடர் அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. அவர் பேசியது டெலிவரி பையன்களைப் பற்றி அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஆலோசகர், எழுத்தாளர், வடிவமைப்பாளர் போன்ற வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பற்றி.

2010ல் ஃபைவர் என்ற இணையதளம் வந்தது. அதில் ஒருவர் விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு சேவைக்கும் பெயரே கிக். லோகோ வரைந்து தருகிறேன், குரல் கொடுக்கிறேன், ஆரம்ப விலை ஐந்து டாலர். ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு வீடியோ எடிட் செய்து தரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் அந்த வழியாகத்தான் அறிமுகம். அவர்களிடம் “கிக் போட்டிருக்கேன்” என்றால் கடை விரித்திருக்கிறேன் என்று பொருள்.

அப்புறம்தான் செல்போன் செயலிகள். டாக்சி, சாப்பாடு, மளிகை, வீட்டுக்கு வந்து ஏசி பார்ப்பது. ஒவ்வொரு சவாரியும் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு தனி ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால் அதுவும் கிக்தானே என்றார்கள். வாதம் கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் தவில்காரர் தன் ரேட்டைத் தானே சொல்வார் என்று பார்த்தோம், இங்கே ரேட்டைச் சொல்வது யார்?

பேச்சில் எங்கே பொருந்தும்

சட்டத்துக்குள் போவதற்குமுன், ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு மெயில் போடுகிறவர்களுக்கும் கொஞ்சம்.

இது பேச்சுச் சொல். நண்பர்களிடம், சக தொழில்காரர்களிடம் சொல்லலாம். போட்டோகிராபர் ஒருவர் இன்னொருவரிடம் “வீக்கெண்டுல ஒரு கிக் இருக்கு, ஏற்காட்டுல ப்ரீ-வெட்டிங் ஷூட்” என்பார், சரியாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “உங்கள் நிறுவனத்தின் இந்த கிக் எனக்குப் பிடித்திருக்கிறது” என்று எழுதினால், வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரின் வேலையைக் கிண்டலாகக் குறிக்கவும் இதைச் சொல்வதுண்டு, “நல்ல கிக் பிடிச்சுட்டான்” என்றால் கஷ்டமில்லாமல் காசு வரும் இடம் என்று பொறாமையும் கலந்திருக்கும்.

‘சைடு கிக்’ என்று தமிழில் எழுதும்போது மட்டும் உஷார். முழுநேர வேலைக்குப் பக்கத்தில் பார்க்கும் துணை வேலைக்கும் அப்படித்தான் எழுத வேண்டும், கதாநாயகனின் எடுபிடிக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் சொல் தமிழில் அப்படியேதான் விழும். பழைய க சண்டை.

கர்நாடக சங்கீதக் கச்சேரியை யாரும் கிக் என்பதில்லை. சபாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்கள். சொல்லில் அந்த இலேசுத்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ராக் இசை, ஜாஸ், மேடைச் சிரிப்பு நிகழ்ச்சி ஆகியவற்றோடு அது நின்றுவிடும்.

இலேசான சொல் சட்டத்துக்குள் நுழைந்த கதை

இந்தியாவில் இந்தச் சொல்லை முதலில் விளக்கிய மத்தியச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020. நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வழக்கமான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து அதிலிருந்து சம்பாதிப்பவர் கிக் தொழிலாளி. ‘தளத் தொழிலாளி’ என்று இன்னொரு விளக்கமும் பக்கத்திலேயே இருக்கிறது, இணையத் தளம் ஒன்றின் வழியாக வேலை வாங்குபவர் அவர். சாப்பாடு கொண்டுவருபவர் இரண்டிலும் வருவார். கல்யாண மேடையில் பாடுபவர் வழக்கமான உறவுக்கு வெளியே இருப்பவர்தான், ஆனால் செயலி எதுவும் இல்லை.

‘உறவுக்கு வெளியே’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உள்ளே இருப்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை, விடுப்பு என்று வரிசையாக உரிமைகள் உண்டு. வெளியே இருப்பவருக்கு அந்த வரிசை கிடையாது, அதற்குப் பதிலாக விபத்துக் காப்பீடு, ஆயுள் மற்றும் ஊனக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அரசு திட்டம் வகுக்கலாம். வகுக்க வேண்டும் என்பதற்கும் வகுக்கலாம் என்பதற்கும் உள்ள தூரம் அரசு அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

பணம் எங்கிருந்து வரும்? நடுவில் நிற்கும் நிறுவனத்தைச் சட்டம் ‘திரட்டி நிறுவனம்’ என்ற பொருளில் குறிப்பிடுகிறது. சவாரி, உணவு மற்றும் மளிகை, சரக்கு, இணையச் சந்தை என்று ஒன்பது வகைகள் அட்டவணையில் உள்ளன. அவை ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும். ஆனால் அந்தத் தொகை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் விற்றுமுதல் 100 கோடி, அதில் ஓட்டுநர்களுக்குப் போனது 20 கோடி என்று வையுங்கள். 2 சதவீதம் என்றால் 2 கோடி வர வேண்டும். 20 கோடியில் 5 சதவீதம் 1 கோடிதான். ஆக 1 கோடியோடு நின்றுவிடும். ஓட்டுபவருக்குக் குறைவாகக் கொடுக்கும் நிறுவனம் அவருடைய பாதுகாப்புக்கும் குறைவாகவே கட்டும்படி இந்த வரம்பு வேலை செய்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

யாருக்குத் தகுதி என்பதற்கு 2025 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் ஓர் அளவு சொல்லியிருந்தார்கள். ஒரே நிறுவனத்தோடு என்றால் ஒரு நிதியாண்டில் 90 நாள், பல நிறுவனங்களோடு என்றால் மொத்தம் 120 நாள். ஒரே நாளில் மூன்று செயலிகளுக்கு ஓட்டினால் அது மூன்று நாளாகக் கணக்காகும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாற்றி மாற்றி லாகின் போடுகிற நம் ஊர்ப் பையன்களை மனதில் வைத்து எழுதியதுபோலவே இருக்கிறது.

தமிழ்நாட்டின் வழி வேறு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் கீழ் 2023ல் இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்தார்கள். லீ பஜாரில் மூட்டை தூக்குபவரும் செல்போனைப் பார்த்து ஆர்டர் எடுப்பவரும் ஒரே சட்டக் குடையின் கீழ் வந்தது இப்படித்தான். 2025–26 மாநில பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் இந்த வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான். ராஜஸ்தான் 2023ல் இதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்த முதல் மாநிலம், கர்நாடகம் 2025ல் கொண்டுவந்தது.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால், நிதி ஆயோக் 2022ல் தந்த மதிப்பீடு 2020–21ல் 77 லட்சம். 2029–30க்குள் 2.35 கோடியாகும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு.

சேலத்தில் யார் கிக், யார் இல்லை

துண்டு வேலைக்குத் துண்டுக் கூலி வாங்குகிறவர் எல்லாம் கிக் தொழிலாளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சேலத்தில் பாதி ஊர் அந்தப் பட்டியலில் வந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை. வெள்ளியை எடை போட்டு வாங்கி, வீட்டிலேயோ பட்டறையிலேயோ வேலை முடித்து, சேதாரம் கழித்துத் திரும்ப எடை போட்டுக் கொடுத்து, எடைக்கு ஏற்பக் கூலி. அம்மாப்பேட்டை, குகையில் கூலி நெசவு. பாவும் டிசைனும் முதலாளியுடையது, தறி நெசவாளர் வீட்டில், கூலி சேலைக்கு இவ்வளவு. இரண்டிலும் மாதச் சம்பளம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் இவர்களைச் சட்டம் கிக் என்று கூப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று அதே தொகுப்பில் தனி விளக்கம் இருக்கிறது, அமைப்புசாராத் தொழிலாளியின் ஒரு வகை அது. அதோடு, உறவு ஒரு சேலையோடு முடிவதில்லை. முன்பணம் வாங்கியிருப்பார், அது தீரும்வரை அதே முதலாளிதான். சில வீடுகளில் அப்பா காலத்திலிருந்து அதே முதலாளி. கச்சேரிக்காரரின் மிடுக்கு இங்கே கிடையவே கிடையாது.

ஏற்காட்டுக்கு ஏறினால் கதை இன்னும் தெளிவு. காப்பி எஸ்டேட்டில் பறிப்புக் காலத்தில் கிலோ கணக்கில் கூலி கொடுப்பது உண்டு. கூலியை மட்டும் பார்த்தால் அதுவும் துண்டுக் கணக்குதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. தோட்டத்து ஆள் என்றால் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் என்று முதலாளிக்குக் கடமைகள் உண்டு. அந்தச் சட்டம் இப்போது பணியிடப் பாதுகாப்பு பற்றிய இன்னொரு புதிய தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டாலும், தோட்டத்து ஆள் முதலாளி – தொழிலாளி உறவுக்கு உள்ளே இருப்பவர் என்பதில் மாற்றம் இல்லை. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு பேச்சு.

கோடை விழாச் சமயத்தில் மலைக்கு வரும் பாட்டுக்குழுவோ, இரண்டு நாளைக்கு மட்டும் ஒரு ரிசார்ட்டுக்கு வரும் டிஜேயோ, பழைய பொருளில் அச்சு அசலான கிக்காரர்கள்.

ஆக, ஒருவர் எந்தப் பக்கம் என்று பார்க்கக் கூலி முறையை விட்டுவிட்டு இந்தக் கேள்விகளைக் கேட்பது நல்லது.

1. விலையை யார் வைக்கிறார்கள்? பாடகர் பேரம் பேசுவார். டெலிவரி எடுப்பவர் போனில் வரும் தொகையைத்தான் பார்ப்பார். மழைக்கும் பீக் டைமுக்கும் எவ்வளவு கூடுதல் என்பதும் அங்கிருந்துதான் வரும்.
2. வேண்டாம் என்றால் என்ன ஆகும்? கச்சேரி ஒன்றை மறுத்தால் அந்த ஒரு கச்சேரிதான் போகும். ஆர்டரைத் தொடர்ந்து மறுத்தால் ரேட்டிங் இறங்கும், இன்சென்டிவ் போகும், ஒருநாள் “ஐடி பிளாக் ஆயிடுச்சுண்ணா” என்று வந்து நிற்பார்கள்.
3. வாடிக்கையாளர் யாருடையவர்? கல்யாண வீட்டார் அடுத்த விசேஷத்துக்கு நேராகப் பாடகருக்கே போன் போடலாம். அஸ்தம்பட்டியில் பிரியாணி வாங்கியவர் கொண்டுவந்தவரின் வாடிக்கையாளர் இல்லை, செயலியின் வாடிக்கையாளர்.
4. வண்டி கவிழ்ந்தால் செலவு யார் தலையில்? பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், கட்டுப்போடும் செலவு.

நாலில் முதல் மூன்றுக்கும் நிறுவனம் என்று பதில் வந்து, நான்காவதுக்கு மட்டும் ஓட்டுபவர் என்று வந்தால், அந்த வேலைக்கு ஜாஸ்காரனின் சொல்லை வைத்தது பொருத்தமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முதலாளியின் பிடி முழுதாக இருக்கிறது, முதலாளியின் கடமை மட்டும் காணோம். சில நிறுவனங்கள் ‘பார்ட்னர்’ என்று வேறு கூப்பிடுகின்றன. பங்குதாரர் என்றால் வருஷக் கடைசியில் லாபக் கணக்கு காட்டுவார்களா என்று ஓட்டுபவர்களே சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

இதே வாதம்தான் லண்டனில் நீதிமன்றம் ஏறியது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்ட ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்கள் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்டணத்தை நிறுவனம் வைக்கிறது, ஒப்பந்த வரிகளை நிறுவனம் எழுதுகிறது, சவாரியை மறுத்தால் தண்டனை இருக்கிறது, பயணியோடு நேரடி உறவுக்கு வழியில்லை என்பவை நீதிபதிகள் எடுத்துச் சொன்ன காரணங்களில் சில. காகிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைவிட நடப்பு என்ன என்பதையே பார்த்தார்கள். அந்த ஊர்ச் சட்டத்தில் முழு ஊழியருக்கும் சுயதொழிலுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, அந்தப் படியில் நிற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. நம் சட்டத்தில் அந்த நடுப்படி இல்லை. உள்ளே, இல்லையென்றால் வெளியே. கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு எதிர்த்திசையில் போனது, செயலி ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்களே என்று.

எல்லா ஓட்டுநர்களும் ஊழியராகத் துடிக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கல்லூரி முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே சாயங்காலம் மட்டும் ஓட்டுபவருக்கு, நினைத்தபோது லாகின், நினைத்தபோது லாக்-அவுட் என்பது வசதிதான். பகலெல்லாம் இதை மட்டுமே நம்பி வண்டிக் கடன் கட்டுபவருக்கு அது வசதியாக இருக்க வழியில்லை. ஒரே சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பதில் சிக்கல் இருக்கிறது.

பதிவு: இரண்டும் வேறு வேறு

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்ட் 26 முதல் செயல்படுகிறது. ஆதார் எண்ணும் அதோடு இணைந்த செல்போனும் இருந்தால் பதியலாம், ஒரு கணக்கு எண் கிடைக்கும். 2025 மத்திய பட்ஜெட்டில் தளத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டையும் பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமும் தருவதாகச் சொன்னது இந்தப் பதிவை வைத்துத்தான்.

மாநில நலவாரியப் பதிவு அதிலிருந்து தனி. அதற்கு வாரிய இணையதளம் உண்டு, நேரில் என்றால் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகம், இது மாவட்டந்தோறும் இருக்கிறது. ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதிலும் பெயர் ஏறிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. எந்தெந்த மாதம் எத்தனை நாள் ஓட்டினோம், எவ்வளவு வந்தது என்று செயலியில் தெரியும் பக்கத்தை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். ஐடி பிளாக் ஆனால் அந்தப் பக்கமும் சேர்ந்தே மறைந்துவிடும், 90 நாள் கணக்கைக் காட்ட அப்போது கையில் வேறெதுவும் இருக்காது.